ஏமாந்து போகும் கெட்டிக்காரர்: டி.எஸ். பாலையா பற்றி வாசகர்கள் கேட்டவை

பழைய நாடக, திரைப்பட நடிகர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் டி.எஸ். பாலையாவைப் பற்றியவை மட்டும் இம்முறை ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால், இந்தப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பாலையா எந்த ஊர்க்காரர்? நாடகத்துக்கு எப்படி வந்தார்? (வாசகர், தூத்துக்குடி)

உங்கள் பக்கத்து மனிதர்தான். அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுண்டங்கோட்டை என்னும் சிற்றூரில் 1914 ஆகஸ்டு 23 அன்று பிறந்தார். சிறுவயதில் சர்க்கஸில் சேரும் ஆசையில் வீட்டைவிட்டு ஓடியவர் என்று அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவதுண்டு. சர்க்கஸ் கிடைத்ததோ இல்லையோ, அந்தக் காலத்தில் வீட்டைவிட்டு ஓடும் பையன்களுக்குக் கதவைத் திறந்துவைத்திருந்த இன்னோர் இடமான பாலர் நாடகக் கம்பெனி அவருக்குக் கிடைத்தது.

அந்தக் கம்பெனிகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனெனில் பாலையாவின் நடிப்பில் நாம் இன்று வியக்கும் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சபையும், அதன் வழியில் பின்னர் தோன்றிய டி.கே.எஸ். சகோதரர்களின் சபை, நவாப் ராஜமாணிக்கத்தின் சபை முதலியனவும் பத்து வயதுகூட நிரம்பாத பையன்களைச் சேர்த்துக்கொண்டு, உணவும் இடமும் கொடுத்து, பாட்டும் வசனமும் நடையும் நிற்கும் முறையும் கற்றுக்கொடுத்தன. அடியும் உதையும் அந்தப் பாடத்திட்டத்தின் பகுதிதான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால், குரலை எங்கே உயர்த்துவது, எங்கே இறக்குவது என்பதைப் பையன்கள் சொந்தத் தொண்டையிலேயே பழகிக்கொண்டார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் நேற்றுவரை ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போட்ட பையன் இன்று கூட்டத்தில் ஒருவனாக நிற்க வேண்டியதுதான். ராஜபார்ட்டோ (நாயகன்) கள்ளபார்ட்டோ (திருடன்) பபூனோ (கோமாளி), எது கிடைக்கிறதோ அதைச் செய்தாக வேண்டும். பிற்காலத்தில் பாலையா எந்த வேடத்தையும் தயங்காமல் ஏற்றதற்கு இந்தக் கட்டாயப் பயிற்சியே காரணம் என்பது என் எண்ணம்.

அவருடைய முதல் படம் எது? (வாசகர், கண்டி)

1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'. எஸ்.எஸ். வாசன் எழுதி ஆனந்த விகடனில் வெளியான தொடர்கதையை, தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். எம்.ஜி.ஆர். திரையில் முதன்முதலாகத் தோன்றியதும், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டராக, இந்தப் படத்தில்தான் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அதே படத்தில் கதாநாயகனுக்கு அடுத்த பெரிய பொறுப்பு பாலையாவின் தோளில் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எம்.கே. ராதா ஏற்ற கிருஷ்ணமூர்த்தி என்னும் செல்வந்தருக்கு நண்பனாக நடித்து, அவருக்குக் குடியைப் பழக்கி, குடும்பத்தைக் குலைக்கும் ராமநாதன் என்ற பாத்திரம் அவருடையது. கேள்வி கண்டியிலிருந்து வந்திருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: தான் கொலை செய்துவிட்டதாக நம்பி ஊரைவிட்டு ஓடும் கிருஷ்ணமூர்த்தி போய்ச் சேருவது இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்குத்தான், அங்கே அவர் கூலியாளாக வேலை செய்கிறார்.

முதல் படத்திலேயே கிடைத்த அந்த 'நல்லவனைப் போல் பேசும் கெட்டவன்' வேடம் பாலையாவின் முதல் இருபது ஆண்டுகளைத் தீர்மானித்துவிட்டது. அடுத்த ஆண்டு அதே டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராக, இளவரசி அமராவதியை அடையத் துடிக்கும் ருத்திரசேனனாக வந்தார். இருவருக்கும் இடையிலான வாட்போர் அந்த நாளில் பெரிதாகப் பேசப்பட்டது. பாட்டுக்காகவே மக்கள் கொட்டகைக்குப் போன காலத்தில், பாடாமல் பெயர் வாங்குவது எளிய காரியம் அன்று.

கதாநாயகனாக நடித்ததே இல்லையா? (வாசகர், ஈரோடு)

நடித்திருக்கிறார். 1948இல் வந்த 'மோகினி'யில் முதன்மை நாயகன் பாலையாதான், எம்.ஜி.ஆர். இரண்டாம் நாயகன். அடுத்த சில ஆண்டுகளில் இந்த வரிசை எப்படித் தலைகீழாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1956இல் 'மதுரை வீர'னில் எம்.ஜி.ஆர். வீரன், பாலையா அவரை எதிர்க்கும் நரசப்பன். பாலையா நாயகனாக நிலைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நாயகன் எப்போதும் சரியாக இருக்க வேண்டியவன். பாலையாவின் முகமோ தவறு செய்யும்போதுதான் உயிர் பெறும்.

பி.எஸ். வீரப்பா, எம்.என். நம்பியார் ஆகியோரிடமிருந்து பாலையாவின் வில்லத்தனம் எவ்வகையில் வேறுபட்டது? (வாசகர், மதுரை)

வீரப்பா என்றதும் சிரிப்பு கேட்கிறது. நம்பியார் என்றதும் கைகளைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டும் ஓர் உருவம் தெரிகிறது. பாலையா என்றால் அப்படி ஒரு முத்திரை எதுவும் நினைவுக்கு வருவதில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இதை ஒரு குறையாகக் கருதலாம். என் கணக்கில் அவருடைய பெரிய பலமே இதுதான்.

வீரப்பாவின் வில்லன் தான் கெட்டவன் என்பதை அறிந்து அதை அனுபவிப்பவன். பாலையாவின் வில்லன் தன்னைக் கெட்டவனாக ஒருபோதும் நினைப்பதில்லை. தன்னை மிஞ்சிய கெட்டிக்காரன் ஊரில் இல்லை என்று மட்டும் உறுதியாக நம்புகிறான். தன் கணக்கு தப்பாது என்ற அந்த மிதப்பு, அவர் தலையைச் சற்றுச் சாய்த்து எதிராளியை அளக்கும் பார்வையில் தெரியும். எதிராளிக்குப் புரியாது என்ற துணிவில் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தும் குரலிலும் தெரியும். அவன் தோற்கும்போது நமக்குக் கோபம் தணிவதைவிடச் சிரிப்பு வருவதற்கு அதிக வாய்ப்பு உண்டு. ஏனென்றால் அந்தச் சறுக்கலை நாம் நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். 'ஓர் இரவு' (1951) படத்தில் பழைய ரகசியம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு செல்வந்தரை மிரட்டும் ஜகவீரனிடமும், 'தூக்குத் தூக்கி' (1954) படத்தில் 'நம்பள்கி நிம்பள்கி' என்று அரைகுறைத் தமிழ் பேசிக்கொண்டு மற்றவன் மனைவியை மயக்கப் பார்க்கும் சேட்டிடமும் இருப்பது ஒரே மிதப்புத்தான். முதலாமவன் பயமுறுத்துகிறான், இரண்டாமவன் சிரிக்க வைக்கிறான்.

இதனால்தான், வயதானபின் பாலையா நகைச்சுவை அப்பாவாக மாறியபோது அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பலர் எழுதுவதுபோல் 'வில்லன் பாலையா', 'காமெடி பாலையா' என்று இரண்டு பேர் இருந்ததாக நான் கருதவில்லை. அதே கெட்டிக்காரரின் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு எஸ்டேட்டைக் கொடுத்தார்கள், அவ்வளவே.

அண்ணாவின் கதைகளில் அவர் நடித்தது கொள்கைப் பற்றினாலா? (வாசகர், காஞ்சிபுரம்)

கொள்கையைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நடிப்பைப் பற்றிச் சொல்லலாம். 'வேலைக்காரி' (1949) படத்தில் அவர் வில்லன் அல்லர். பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனைத் தடுத்து, ஆத்திரத்தை விட்டுவிட்டு அறிவைப் பயன்படுத்தச் சொல்லும் நண்பன் மணி. ஆனந்தனாக நடித்த கே.ஆர். ராமசாமி உணர்ச்சியில் கொதிக்கும் இடங்களில் பாலையா குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோல் பேசுவார். அடுக்குமொழி வசனம் ஓங்கிய அந்தப் படத்தில் பகுத்தறிவு வாதங்கள் மேடைப் பேச்சாக ஒலிக்காமல் உரையாடலாக ஒலித்ததற்கு அந்தத் தாழ்ந்த குரல் ஒரு முக்கியக் காரணம். நாயகன் கத்தும்போது உடனிருப்பவரும் கத்தினால் இருவரின் பேச்சும் காதில் ஏறாது என்பது நாடக மேடையில் பழகியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமா என்ன!

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியின் வெற்றி நாகேஷுடையதா, பாலையாவுடையதா? வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. (வாசகர், பொள்ளாச்சி)

படத்தின் ஒரு பகுதி உங்கள் ஊருக்கு அருகே ஆழியாறில் எடுக்கப்பட்டது என்பதால் விவாதம் இயல்பானதே. பாலையா பக்கம் வாக்களித்தவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டு.

ஸ்ரீதர் இயக்கி 1964இல் வந்த அந்தப் படத்தில், சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாகப் பாலையாவும், படம் எடுத்தே தீருவேன் என்று 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' தொடங்கிப் பணத்துக்கு அலையும் மகன் செல்லப்பாவாக நாகேஷும் நடித்தார்கள். மகன் தன் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்கிறான். கதை என்று உருப்படியாக எதுவும் இல்லை. இருட்டு, காலடி ஓசை, உருவம் என்று துண்டு துண்டாக, ஓசைகளையும் தானே எழுப்பிக்கொண்டு, அப்பாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான். உழைப்பு முழுவதும் நாகேஷுடையது போலத்தான் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது காட்சியை இன்னொருமுறை, நாகேஷைப் பார்க்காமல் பாருங்கள். தொடக்கத்தில் பாலையா, இவனெல்லாம் கதை சொல்லி நாம் கேட்கவேண்டியிருக்கிறதே என்ற அலட்சியத்தோடு உட்கார்ந்திருப்பார். பிறகு, கேட்பதில் தவறில்லை என்ற அளவுக்கு இறங்குவார். அதன்பின் ஒரு கட்டத்தில் பயம் வந்துவிடும். ஆனால் மகனுக்கு முன்னால் பயப்படுவது முதலாளிக்கு அழகன்று என்பதால் அதை மறைக்க முயல்வார். கடைசியில் மறைக்கும் முயற்சியும் கைவிட்டுப் போகும். இந்த நான்கு படிகளையும் அவர் ஏறக்குறைய வசனமே இல்லாமல், கண்ணாலும் தாடையாலும் உட்கார்ந்த இடத்தில் உடம்பு சுருங்கும் விதத்தாலும் காட்டுகிறார். நாம் பயப்படுவதும் சிரிப்பதும் நாகேஷின் கதையைக் கேட்டு அன்று. பாலையா அதைக் கேட்பதைப் பார்த்துத்தான். சொல்பவரை நாம் நம்பும்படி செய்வது கேட்பவரின் பொறுப்பு என்பதைத் தமிழ்த் திரையில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சி வேறொன்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. எனினும், தன்னைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்த ஒருவருக்கு முன்னால் அப்படி ஓடியாடி, அவருக்கு எதிர்வினை காட்ட அத்தனை இடைவெளிகளை விட்டுக்கொடுத்த நாகேஷின் தாள உணர்வைக் குறைத்துச் சொல்லவும் கூடாது.

அதே படத்தில், வேலையைவிட்டு விரட்டிய இளைஞன் ஒரு பெரும் பணக்காரரின் மகன் என்று கேள்விப்பட்டதும் அவர் குழைந்துகொண்டு கேட்கும் 'அசோகர் உங்க மகருங்களா?' என்ற ஒரு வரியை இன்றும் குடும்பங்களில் சொல்லிச் சிரிக்கிறார்கள். வரியைவிட அதற்கு முந்தைய கணம் முக்கியமானது: முன்பு காட்டிய அதிகாரத்தை விழுங்கிக்கொள்ள அவருக்கு ஒரு நொடி தேவைப்படுகிறது, அந்த நொடியை அவர் அவசரப்படாமல் எடுத்துக்கொள்கிறார்.

'ஒரு நாள் போதுமா' பாடலைப் பாடியது பாலையாவா? (வாசகர், தஞ்சாவூர்)

பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா, எழுதியவர் கண்ணதாசன், இசை கே.வி. மகாதேவன். ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) படத்தில் பாண்டிய நாட்டுக்கு அறைகூவல் விடுக்க வரும் ஹேமநாத பாகவதரின் பாட்டு அது. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகங்கள் மாறிக்கொண்டே போகும் அந்தப் பாட்டுக்குத் திரையில் வாயசைப்பது, சங்கீதம் தெரிந்த ஒருவருக்கே சங்கடமான வேலை. பாலையா வாயை மட்டும் அசைக்கவில்லை. ஒவ்வொரு சங்கதி முடிந்ததும் சபையைப் பார்த்து, 'எப்படி?' என்று கேட்காமல் கேட்கும் பார்வை ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். பாலமுரளியின் குரலில் இருப்பது வித்துவம். பாலையாவின் முகத்தில் இருப்பது அந்த வித்துவத்தின் தலைக்கனம். இரண்டும் சேர்ந்தபிறகுதான் ஹேமநாதர் பிறக்கிறார்.

ஆனால் நடிப்பின் உச்சம் அந்தப் பாட்டில் இல்லை, அதற்குப் பின்னால் வருகிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய விறகு விற்ற படலக் கதைப்படி, இறைவன் விறகு விற்பவராக வந்து ஹேமநாதர் தங்கியிருக்கும் இடத்தில் பாடுகிறார். 'பாட்டும் நானே' ஒலிக்கும்போது ஹேமநாதருக்கு முதலில் வருவது எரிச்சல். அடுத்து, குறை கண்டுபிடிக்க முயலும் காது. அதற்கும் அடுத்து, குறையே இல்லை என்று தெரிந்துவிட்ட ஒரு சங்கீதக்காரரின் திகைப்பு. தன்னோடு போட்டியிடவிருக்கும் பாண்டிய நாட்டுப் பாடகர் பாணபத்திரர் மாணவராகச் சேர்க்க மறுத்தவரே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அவர் மனத்தில் ஓடுவதை நாம் முகத்திலேயே படித்துவிடலாம். வில்லனாகத் தொடங்கி நகைச்சுவைக்கு வந்த பாலையாவின் இரண்டு கரைகளும் ஒன்றாகச் சேருவது இந்த ஒரு பாத்திரத்தில்தான். அவர் நடித்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் ஹேமநாதரைத்தான் எடுத்துக்கொள்வேன்.

'தில்லானா மோகனாம்பா'ளில் அவரே தவில் வாசித்தாரா? (வாசகர், கும்பகோணம்)

இல்லை. சிவாஜிக்கு நாதசுரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதைப் போலவே, தவில் ஒலியும் தொழில்முறைக் கலைஞர்களுடையது. பாலையா நடித்தது முத்துராக்கு என்னும் தவில் வித்வானாக. வலப்பக்கத்தை விரல்கூடு மாட்டிய கையாலும் இடப்பக்கத்தைக் குச்சியாலும் வாசிக்க வேண்டிய வாத்தியத்தை, தஞ்சைப் பக்கத்து ரசிகர்கள் குறை சொல்லாத அளவுக்கு அவர் கையாண்டிருக்கிறார். சிவாஜி ஏற்ற சண்முகசுந்தரத்தின் முன்கோபத்தைத் தணித்துக்கொண்டே அவருக்காகப் பிறரிடம் கோபப்படும் அந்தப் பெரியவரைப் போன்றவர்களை எந்த மேளக் குழுவிலும் இன்றும் பார்க்கலாம்.

அவர் நம்மை அழவைத்த படம் உண்டா? (வாசகர், சேலம்)

பீம்சிங் இயக்கிய 'பாகப்பிரிவினை' (1959) பாருங்கள். மனைவியின் சொல்லைத் தட்ட முடியாமல், தம்பியோடு வாழ்ந்த வீட்டைப் பிரிக்கச் சம்மதிக்கும் அண்ணன் வைத்தியலிங்கம் அவர், தம்பி எஸ்.வி. சுப்பையா. சுப்பையா உருகும் நடிகர், பாலையா இறுகும் நடிகர். அண்ணன் தான் செய்வது தவறென்று தெரிந்தும் கௌரவத்துக்காகப் பின்வாங்காமல் இருப்பதை, கண்ணீரை வெளியே விடாமல் அவர் காட்டியிருப்பதால் நமக்குத்தான் அழுகை வருகிறது. பாலசந்தரின் 'பாமா விஜயம்' (1967) படத்தில், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நடிகைக்கு முன்னால் பகட்டுக் காட்டிக் கடனில் மூழ்கும் மூன்று மகன்களையும் மருமகள்களையும் பார்த்துப் பொருமும் ஓய்வுபெற்ற ஆசிரியராக வருகிறார். 'வரவு எட்டணா செலவு பத்தணா' நினைவிருக்கும். அதில் அழுகை இல்லை, ஆனால் அடக்கம் அதே அடக்கம்தான்.

'காதலிக்க நேரமில்லை' இந்தியில் எடுக்கப்பட்டபோது பாலையாவின் வேடத்தை யார் ஏற்றார்? (வாசகர், மும்பை)

ஓம் பிரகாஷ். ஸ்ரீதரே இயக்கிய 'பியார் கியே ஜா' (1966) அந்தப் படம். நாகேஷின் இடத்தில் மெஹ்மூத். பேய்க்கதைக் காட்சி அங்கேயும் பெரும் புகழ் பெற்றது; மெஹ்மூத்துக்குச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. ஓம் பிரகாஷ் சாதாரண நடிகர் அல்லர். அவருடைய பயம் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் இரண்டையும் பார்த்துவிட்டு மறுத்து எழுதலாம்.

பாலையா எப்போது மறைந்தார்? அவருடைய குடும்பத்தில் வேறு யாரும் நடித்தார்களா? (வாசகர், திருச்சி)

1972 ஜூலை 22 அன்று, ஐம்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது மறைந்தார். திரையில் எத்தனையோ ஆண்டுகள் முதியவராகவே பார்த்துப் பழகியதால், அவர் இவ்வளவு இளம் வயதில் போனார் என்பதைப் பலர் நம்புவதில்லை. அவருடைய மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் 1975 முதல் படங்களில் நடித்தார். 'கரகாட்டக்கார'னிலும், பிற்காலத்தில் 'சாட்டை' (2012) படத்தின் தலைமையாசிரியராகவும் அவரைப் பார்த்திருப்பீர்கள். தந்தையின் முகச்சாயலும் குரலின் சாயலும் அவரிடம் இருந்தன. அவரும் 2023 நவம்பர் 2 அன்று காலமானார்.